கத்தாத கேட்

அந்தக் கேட்டின் சத்தத்தை நிறுத்தியவன் நான்தான். அதில்தான் எல்லாம் கெட்டது.

கேட்டிலிருந்து கையை எடுங்கள் தம்பி. எண்ணெய் கிண்ணெய் என்று பேசினால் மாடியை வாடகைக்குத் தர மாட்டேன். 'ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா போதும் சார்' என்கிறீர்கள். முப்பத்து நான்கு வருடம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன் நான். எனக்கு எண்ணெய் விடச் சொல்லித் தருகிறீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது என் பெண்டாட்டியுடையது. இதில்.

மாடி எங்கேயும் ஓடிவிடாது. முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் இங்கே குடிவர இஷ்டம் இருந்தால் வாருங்கள். போன மாதம் ஒருவன் வந்தான். பாதியிலேயே மணியைப் பார்த்தான். போகச் சொல்லிவிட்டேன்.

போன ஜூலையில் ஆரம்பித்தது. எனக்கு ரத்த அழுத்தம். நூற்று எழுபது, நூற்று எண்பது என்று நிற்கும். என் மகன் கிளமென்ட் மஸ்கட்டில் இருக்கிறான். போன் செய்தான்.

"அப்பா, ஒண்ணொண்ணுக்கும் கத்துறீங்க, அதான் உங்க பிரஷரு. சுத்தி இருக்கிற சின்னச் சின்னத் தொந்தரவை எல்லாம் எடுத்துப் போடுங்க. அப்பதான் இன்னைக்குன்னு ஒரு நாள் இருக்கறதே மனுசனுக்குத் தெரியும்."

"இன்னைக்கு இல்லாம நேத்திக்கா உக்காந்திருக்கேன்?"

"பாருங்க, கத்துறீங்க."

வைத்துவிட்டான். ஏதோ புத்தகத்தில் படித்தானாம். இந்த நிமிஷத்தில் வாழ வேண்டுமாம். அவனுக்கென்ன, அவன் இருக்கிற பதினோராவது மாடியில் காக்கா சத்தம்கூடக் கேட்காது.

ஆனால் அவன் சொன்னதில் ஒன்று எனக்குப் பிடித்தது. எடுத்துப் போடு என்றான். அது வேலை. வேலை எனக்குத் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரயில் பெட்டி ரிப்பேருக்கு வந்து நின்றால் முதலில் ஸ்பானரை எடுக்க மாட்டோம். சாக்பீஸை எடுப்போம். உள்ளேயும் வெளியேயும் ஒரு சுற்று. குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பெருக்கல் குறி. பிறகுதான் வேலை. ஒரு வேலை முடிந்தால் ஒரு குறியை அழிக்க வேண்டும். குறியே இல்லாத பெட்டிதான் லைனுக்குப் போகும். அதைத்தான் இங்கே செய்தேன். பெட்டிக்கடையில் சாக்பீஸ் வாங்கிவந்து வீட்டைச் சுற்றினேன். என்னை எரிச்சல்படுத்துகிற எல்லாவற்றின் மேலும் குறி. இருபத்து மூன்று வந்தது.

என் பெண்டாட்டி ரெஜினா வந்து நின்று பார்த்தாள். "என்னங்க இது, வீடு பூரா சிலுவை போட்டு வச்சிருக்கீங்க?"

"சிலுவை இல்ல. பெருக்கல்."

"சிலுவைன்னா நேராப் போடுங்க. கோணலா இருக்கு."

அப்படித்தான் பேசுவாள். நான் அடுத்த குறிக்குப் போனேன்.

பெரியது எது தெரியுமா? கேட். அதன் கீழ்க் கீல் நானே லேத்தில் கடைந்தது. தொண்ணூற்றொன்றில் இந்த வீடு கட்டினபோது நான் என் கையால் செய்து மூன்று போல்ட் போட்டு மாட்டினேன். பத்து வருடம் சத்தமே இல்லை. பிறகு கத்த ஆரம்பித்தது. திறந்ததும் ஒரு முனகல், பாதியில் ஒரு நீளக் கீச்சு, நிற்கிறபோது ஒரு டக். பால்காரன் வந்தால் கீச்சு. தபால்காரர் வந்தால் கீச்சு. நான் வெளியே போனால், வந்தால். என் கைவேலை ஊரைக் கூட்டிக் கத்தினால் எனக்கு எப்படி இருக்கும்? அதற்கு எண்ணெய் விட்டேன் தம்பி. இருபது வருடமாக விட்டேன். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் கத்தும். அதனால் கீலையே கழற்றி எறிந்துவிட்டு, பால் பேரிங் வைத்த புதுக் கீல் வாங்கிப் போட்டேன். ஒரு விரலால் தள்ளினால் போதும், வெண்ணெய் மாதிரிப் போகும். பழையதைக் குப்பை வாளியில் போட்டேன். குறியை அழித்தேன்.

அடுத்தது பின்கட்டுக் கடப்பாக்கல். ஒரு மூலை ஆடும். மிதித்தால் டொக் என்று சொல்லும். சிமெண்ட் வைத்து அடக்கினேன். அடுத்தது சுவர்க் கடிகாரம். மணிக்கொரு தடவை அடிக்கும், அதுவும் நான்கு நிமிடம் தள்ளி. நாக்கைக் கழற்றினேன். அடுத்தது சமையலறைக் குழாய். கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது என்பதற்காக அவள் குழாயைத் திறந்தே வைத்து, அடியில் வெறும் அலுமினியக் குண்டானை வைத்திருப்பாள். தண்ணீர் வந்தால் தடதடவென்று கொட்டும், உடனே ஓடுவாள். அது ஒரு எரிச்சல். தொட்டி கட்டி, மிதவை வால்வு போட்டு, தானாக நிரம்புகிற மாதிரிச் செய்தேன். யாரும் ஓட வேண்டாம்.

கடைசிக் குறியைக் கேட் தூணில் போட்டிருந்தேன். அது குப்பை வண்டிக்காரிக்கு. அவள் பேர் வள்ளிமயில். காலை ஏழு மணிக்கு எங்கள் கேட்டுக்கு நேராக நின்று விசில் ஊதுவாள். பிகிலா அது, ஒரு கூட்ஸ் வண்டியையே நிறுத்தலாம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், ஊதாதே என்று. "அம்மாதான் சார் ஊதச் சொன்னாங்க" என்றாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தேன். நிறுத்திவிட்டார்கள்.

இருபத்து மூன்றும் முடிந்தது. வீடு லைனுக்குப் போகிற பெட்டி மாதிரி இருந்தது. நாற்காலியைப் போட்டு நடு ஹாலில் உட்கார்ந்தேன், மகன் சொன்ன இன்றைக்கைப் பார்க்கலாம் என்று. முதல் நாள் தூங்கிப்போனேன். இரண்டாம் நாள் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்டது. அது என் காது. அதற்கு எங்கே சாக்பீஸ் போடுவது?

அவளை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். கவனிக்காமல் இருந்தேனா? அவள் சொன்னது எல்லாவற்றையும் செய்தவன் நான். 'லைட்டு மங்கலா இருக்குங்க' என்றாள். அன்றைக்கே நாலு அறைக்கும் புது எல்.இ.டி. மாட்டினேன். அதற்கும் குறி போட்டிருந்தேன், பதினேழாவது. 'இன்னும் மங்கலாத்தான் இருக்கு' என்றாள். கூட ஒன்று மாட்டினேன். 'கோயில்ல பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னே தெரியலங்க' என்றாள். 'நேரா பூசையைப் பாரு' என்றேன். தப்பா? பூசையில் பக்கத்தில் என்ன பார்வை? படியில் ஒரு தடவை கால் தவறினாள். 'பாத்து நட' என்றேன். இதற்கு மேல் ஒரு மனுசன் என்ன கவனிப்பான்?

இருங்கள், வருகிறேன். அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

செப்டம்பர் கடைசி. பகல் பன்னிரண்டு மணி. மருந்து வாங்கப் போய்த் திரும்பினேன். கேட்டைத் திறந்தேன், சத்தம் இல்லை. பின்பக்கமாக வந்தேன், கல் ஆடவில்லை. சமையலறைக்குள் போய், தண்ணீர் குடிக்கலாம் என்று அவள் இடது பக்கமாகப் போய் நின்றேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையோடு திரும்பினாள். நேராக என் மேல். கொதிக்கிற கஞ்சி அவள் மணிக்கட்டிலும் என் பாதத்திலும்.

அலறினாள் பாருங்கள். சுட்டதற்கு இல்லை. திருடன் என்று நினைத்துவிட்டாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனைத் தொட்டும் தெரியாமல் "யாரு, யாரு" என்று கத்துகிறாள்.

எனக்கு வந்தது கோபம். கால் எரிகிறது. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்றேன்.

"தெரியலங்க" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. பானையைக் கீழே வைத்தாள். கையால் தடவி இடம் பார்த்துத்தான் வைத்தாள். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். பல்பு மாத்துனீங்க."

கண்ணில் பிரஷராம் தம்பி. எனக்கு ரத்தத்தில், அவளுக்குக் கண்ணில். டாக்டர் சொன்னார்: நேரே பார்த்தால் தெரியும், பக்கத்தில் தெரியாது, குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. போன பார்வை போனதுதான். இருக்கிறதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. அதற்குள் அவள் தங்கை ஸ்டெல்லா மணப்பாறையிலிருந்து வந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அக்கா கையில் இருந்த கட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். ஒரு இடத்தில் குறியைச் சரியாக அழிக்காமல் விட்டிருந்தேன்.

"மச்சான், எல்லாத்துக்கும் குறி போட்டீங்களே, உங்களுக்கு ஒண்ணு போட்டுக்கலையா?" என்றாள்.

அவளோடு என்ன பேச்சு? அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் என்றார்கள். பத்து நாள் ஆயிற்று, இருபது நாள் ஆயிற்று. போன் செய்தேன்.

"எப்ப வர்ற?"

"வரலங்க."

"கை ஆறலையா?"

"கை ஆறிடுச்சு. அந்த வீட்ல எனக்கு ஒண்ணும் தெரியலங்க. கேட்டு கத்துனா யாரு வர்றான்னு தெரியும். பால்காரர் ஒரு மாதிரி தெறப்பாரு, நீங்க ஒரு மாதிரி. பின்னாடி கல்லு டொக்குன்னா நீங்க வந்துட்டீங்கன்னு அர்த்தம். மணி அடிச்சா மாத்திரை நேரம். குண்டான்ல தண்ணி விழுந்தா ஒரு வேலை. விசில் ஊதுனா வாசல்ல ஒரு ஆளு நிக்குது, ரெண்டு வார்த்தை பேசலாம். எல்லாத்தையும் எடுத்துட்டீங்க. கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு. இங்க ஸ்டெல்லா வீட்ல ஆடு கத்துது, புள்ளைங்க கத்துது. நிம்மதியா இருக்கேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேட்டு கத்தட்டும். வர்றேன்."

வைத்துவிட்டாள். அம்மாவும் மகனும் இந்த வைத்துவிடுகிற பழக்கத்தை எங்கே கற்றார்களோ.

சரி, கத்தவைக்கிறேன் என்றேன். என்ன பெரிய வேலை? கல்லைப் பெயர்த்தேன், அரை நாள். ஆட ஆரம்பித்துவிட்டது. கடிகாரத்துக்கு நாக்கை மாட்டினேன். நான்கு நிமிடம் தள்ளியே அடிக்கட்டும் என்று விட்டேன். குழாயைத் திறந்து குண்டானை வைத்தேன். சூப்பர்வைசரிடம் போனேன். "அந்தம்மாவை விசில் ஊதச் சொல்லுங்க" என்றேன். "நீங்கதானே சார் ஊதக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றான். "இப்ப ஊதணும்னு எழுதித் தர்றேன், பேப்பர் குடு" என்றேன். என்னைப் பார்த்துவிட்டு அவனே ஒரு பேப்பரைக் கொடுத்தான்.

கேட்தான் மசியவில்லை.

சத்தத்தை நிறுத்த எனக்கு ஆயிரம் வழி தெரியும். வரவைக்க ஒரு வழி தெரியவில்லை. பேரிங் கீலைக் கழற்றி, கடையில் சாதாரணக் கீல் வாங்கிப் போட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்துவிட்டு ஆட்டினேன். உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு ஏற்றினேன். மண்ணைத் திணித்தேன். சத்தம் வந்தது. தினம் பதினோரு மணிக்கு மணப்பாறைக்குப் போன் போடுவேன். போனைக் கீல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மறு கையால் கேட்டைத் திறப்பேன்.

"எப்படி?"

"இது ஏதோ எலி கத்துற மாதிரி இருக்குங்க."

மறுநாள் வேறு மாதிரி. "இது?"

"இது நம்ம கேட்டு இல்ல."

"நம்ம கேட்டுதான்டி, கண்ணு முன்னாடி நிக்குது."

"உங்க கண்ணு முன்னாடிதானே."

பதினெட்டு நாள் தம்பி. தெருவில் போகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். கிழவன் கேட்டுக்குப் போனைக் கொடுத்துப் பேசவைக்கிறான் என்று சிரித்தார்கள். பிள்ளையாண்டான் ஒருவன் வீடியோ எடுத்தான். துரத்திக்கொண்டு ஓடினேன். பாதி தெரு.

பத்தொன்பதாம் நாள் காலையில் பட்டறைக்காரனைக் கூப்பிட்டு கேட்டையே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டு, அதைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றேன். குப்பை வண்டி வந்து நின்றது. விசில் ஊதினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னா சார், காலங்காத்தால கேட்டு ஊஞ்சலா?"

"உன் வேலையைப் பாரு."

"என் வேலை உங்க வாசல்லதான் சார். அம்மா எப்ப வர்றாங்க?"

நான் ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியாது. சொன்னேன். அன்றைக்குக் காலையில் வேறு ஆள் இல்லை. கண் விஷயம் சொன்னதும், "அது எனக்குத் தெரியுமே" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குப்பையை வண்டியில கொட்டாம எங் கையில கொட்டுவாங்க. ஒரு வருசமா. அதான் நான் விசில் ஊதுவேன். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து நிப்பாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்கிட்ட நீங்க பேசுனது ரெண்டு தடவ. ரெண்டு தடவயும் ஊதாதன்னீங்க. இதுல நான் எங்க சொல்லுறது?"

நான் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து பார்த்தாள். கடைக் கீல், மண், துரு, எல்லாவற்றையும். சிரித்தாள். அதுவரை எனக்கு வந்த கோபமெல்லாம் கோபமில்லை, அந்தச் சிரிப்புக்கு வந்ததுதான்.

"சார், உங்க கேட்டு இங்க இல்ல. எங்க வீட்டுக் கதவுல கத்திக்கிட்டுக் கெடக்கு."

விஷயம் இதுதான். நான் குப்பை வாளியில் போட்டேனே, அந்தப் பழைய கீல். பழைய இரும்புக்கு விற்கவில்லை அவள். அவள் வீட்டுத் தகரக் கதவுக்குக் கீல் இல்லாமல் கயிறு கட்டியிருந்தாளாம். எடுத்துப் போய் மாட்டிவிட்டாள். "நல்ல கட்டுமானம் சார், இந்தக் காலத்துல இப்படி யாரு செய்யிறா" என்றாள். அதைச் சொல்லவில்லை என்றால் நான் அவளை நம்பியிருக்க மாட்டேன்.

அன்று மதியம் கழற்றிக்கொண்டு வந்தாள். துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. பதிலுக்கு பால் பேரிங் கீலைக் கொடுத்தேன். "சத்தம் போடாதே சார் இது, என் வூட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா, கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.

மாட்டினேன். மூன்று போல்ட். போனைப் போட்டுக் கீல் பக்கம் பிடித்தேன். புதிதாக முடுக்கியதில் கீல் இறுக்கம், எனக்கோ வயசு. போனைப் பிடித்துக்கொண்டு கேட்டையும் திறக்க முடியவில்லை. வள்ளிமயில் தெருப் பக்கம் நின்றிருந்தாள், இரண்டு கையிலும் வாளி. காலி வாளியை உள்ளே வைக்க வருகிறபோதெல்லாம் செய்கிற மாதிரி இடுப்பால் தள்ளினாள். முனகல். கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரு தள்ளு, நீளக் கீச்சு. டக்.

மறுபடியும் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏங்க," என்றாள். "வள்ளி வந்திருக்காளா?"

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே வந்தாள். ஸ்டெல்லா கொண்டுவந்து விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டை மட்டும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது பாருங்கள். நான் எரிச்சல் இல்லாமல் இருக்கிறேனா? இல்லை. கேட் கத்துகிறது, கல் டொக் என்கிறது, கடிகாரம் தப்பாக அடிக்கிறது, குண்டானில் தண்ணீர் கொட்டுகிறது, ஏழு மணிக்கு விசில். ஒவ்வொன்றுக்கும் அவள் உள்ளேயிருந்து 'பால்காரர்', 'மாத்திரை', 'தண்ணி' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நானும் எழுந்து போகிறேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்திருக்கிறேன். பிரஷர் நூற்று நாற்பது. மெஷின் கெட்டுப்போயிருக்கும்.

படி ஓரமெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறதே, அழகுக்கில்லை. அதை மிதித்து அழுக்காக்கக் கூடாது. வண்டியைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்தக் கூடாது. சாமானை எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அவளுக்கு இடது பக்கமாக வந்து நிற்கக் கூடாது. நின்றால் முதலில் குரல் கொடுக்க வேண்டும். கதவைச் சாத்தினால் சத்தமாகச் சாத்துங்கள். எண்ணெய் பாட்டிலோடு உங்களை அந்தக் கேட் பக்கம் பார்த்தேன் என்றால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும்.

"ஏங்க, அந்தத் தம்பியை எவ்வளவு நேரம் உக்கார வச்சுப் பேசுவீங்க? மாடியைக் காட்டுங்க."

கேட்டீர்களா? நீங்கள் வாய் திறக்கும் முன்பே, கேட்டைத் திறந்தபோதே உள்ளேயிருந்து சொன்னாள். 'புது ஆளு. தயங்கித் தயங்கித் தெறக்குது, நல்ல புள்ளையாத்தான் இருக்கும்' என்று. அதனால்தான் உட்காரச் சொன்னேன். இல்லாவிட்டால் எண்ணெய் என்று சொன்ன வாய்க்கு அப்போதே அனுப்பியிருப்பேன்.

வாருங்கள். சாவி இருக்கிறது. படியில் ஓரமாக ஏறுங்கள்.

என்ன? நல்ல வேலை என்கிறீர்களா, அந்தக் கீலை? கடைந்தது நான். முப்பத்து நான்கு வருடம் ஃபிட்டர். ஆனால் கேட்டைச் சரிசெய்தது யார் என்று தெருவில் யாராவது உங்களைக் கேட்டால் என் பேரைச் சொல்லாதீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு வந்து நின்று ஊதுவாள், நீங்களே பாருங்கள். வள்ளிமயில்.